கூடையோடு எழுபத்துநாலு கிலோ

பன்றியின் வயிற்றுக்குள் சுட்ட கற்களைத் திணித்துக்கொண்டிருந்த ஃபெலெட்டியைப் பார்த்ததும், அவருக்காக அழுதுகொண்டே வந்த மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

"நீ போயிட்டேன்னு ரேடியோவுல சொன்னாங்களே" என்றாள் முன்னால் நின்றவள். பக்கத்துத் தீவிலிருந்து விடியலில் கிளம்பிய படகில் வந்தவள். தோளில் சுருட்டிய பாய் இருந்தது.

"சொன்னாங்க." ஃபெலெட்டி எழுந்திருக்கவில்லை. "போனது லொபெட்டி. எங்க அக்கா மகன். என் சீட்டுல போனான்."

"அப்ப இந்தப் பாய்?"

"உள்ள கொண்டுபோய்க் குடு. அவனுக்குச் சேர வேண்டியதுதான்."

"உன் உடம்பை நினைச்சு எடுத்துட்டு வந்தது. அவனை இதுல ரெண்டு சுத்து சுத்தலாம்."

"சுத்தட்டும்."

அவர்கள் மறுபடி அழத் தொடங்கி, இப்போது பெயரை மாற்றி அழுதுகொண்டே, வீட்டுப் பக்கம் போனார்கள். நேற்றிலிருந்து இது ஐந்தாவது கூட்டம். முதல் கூட்டம் வந்தபோது யாரோ சிரித்துவிட்டார்கள். இப்போது சிரிக்கவும் யாருக்கும் தெம்பில்லை.

கலோலைனி அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து சேப்பங்கிழங்கின் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வயது. மார்புவரை ஏறிய பழைய, ஓரம் பிய்ந்த பாய் ஒன்றை உடம்பில் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தாள். அப்பாவும் அப்படித்தான். சகோதரியின் பிள்ளை இறந்தால் தாய்மாமன் வீட்டார்தான் அந்தச் சாவில் கடைசிப் படி. அவர்கள் வெளியே மண்ணடுப்பில் சமைப்பார்கள். கிழிந்த பாய் கட்டுவார்கள். உடல் கிடக்கும் அறைக்குள் நுழைய மாட்டார்கள். செத்தவனுடைய அப்பாவின் அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள். பாய்களும் துணிகளும் அவளுக்குப் போகும். இதில் யாருக்கும் மனக்குறை கிடையாது. உயிரோடு இருந்தபோதும் லொபெட்டிதான் மேல். அவன் கேட்டதைத் தாய்மாமன் மறுக்க முடியாது. சின்ன வயதில் மாமாவின் தட்டிலிருந்தே கறியை எடுத்துத் தின்பான். போன திங்கட்கிழமை அவன் கேட்டது ஒரு விமானச் சீட்டு.

கலோலைனியின் இடுப்பில், பாய்க்கும் பாவாடைக்கும் நடுவில், நான்காக மடித்த ஒரு ரோஜா நிறத் தாள் இருந்தது. குனியும்போதெல்லாம் அது குத்தியது.

தீவின் விமான நிலையத்தில் மேஜையும் தராசும் அவள் பொறுப்பு. நிலையம் என்றால் ஒரு தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிப் போகும் ஊர்ச்சாலைக்கு ஒரு கேட். விமானம் வருகிற நேரத்தில் கேட்டை மூடுவாள். சைக்கிளும் பன்றியும் நின்று வழிவிடும். ஒன்பது பேர் உட்காரும் விமானம். பெரிய விமானத்தில் ஆளுக்கு இவ்வளவு எடை என்று ஒரு சராசரியைப் போட்டுக்கொள்ளலாம். நூற்றைம்பது பேரில் கூடக் குறைய இருப்பது தானே சரிக்கட்டிக்கொள்ளும். ஒன்பது பேரில் சரிக்கட்டாது. அதுவும் இந்தத் தீவு ஆட்கள். அதனால் ஒவ்வொருவரையும் கையில் இருக்கிற சாமானோடு தராசில் ஏற்றி, முள் நிற்கும் வரை காத்திருந்து, எழுதுவாள். கனமானவர்களுக்கு முன்வரிசை, இறக்கைப் பக்கம், லேசானவர்களுக்குப் பின்வரிசை. வால் கனத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். எத்தனை கிலோ என்பது ஒரு கேள்வி, அந்தக் கிலோ எங்கே உட்காருகிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதுதான் கலோலைனிக்குப் பிடித்தமானது. எட்டு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட அவள் பொய்யாக எழுதியதில்லை. போதகரின் மனைவி கெஞ்சியபோதும் எழுதவில்லை.

பெயர் விஷயத்தில் அப்படியில்லை. அண்ணன் சீட்டில் தம்பி போவான், அம்மா சீட்டில் மகள் போவாள். பெயர் மாற்றத் தலைநகரத்துக்குப் போன் போட வேண்டும். பாதி நாள் லைன் கிடைக்காது. எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஊரில் பெயரை எதற்குக் கேட்பது என்று விட்டுவிடுவாள். விமானம் பெயரால் பறப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை லொபெட்டி தராசில் ஏறியபோது சிரித்துக்கொண்டிருந்தான். நியூசிலாந்துத் தோட்டங்களில் ஆறு மாதம் பழம் பறிக்கும் வேலைக்கு மறுநாள் காலை தலைநகரில் டாக்டர் பரிசோதனை. கையில் அவன் அம்மா கொடுத்துவிட்ட ஓலைக்கூடை.

"பேரு ஃபெலெட்டின்னு இருக்கு" என்றாள் கலோலைனி.

"மாமா ஒரே ராத்திரியில பாதியா இளைச்சிட்டாருன்னு எழுதிக்கோ அக்கா."

முள் எழுபத்துநாலில் நின்றது. அப்பா நூற்றுமுப்பத்தொன்று. ஐம்பத்தேழு கிலோ மிச்சம். இரண்டு தடவை ஏற்ற முடியாமல் கிடந்த வள்ளிக்கிழங்கு மூட்டை இரண்டை அவள் அந்த மிச்சத்தில் ஏற்றினாள். முன்வரிசையில் அப்பாவுக்கு வைத்திருந்த இடத்தில் வேறொரு பெரியவரை உட்காரவைத்தாள். லேசான ஆள் என்பதால் லொபெட்டியைக் கடைசி வரிசைக்கு அனுப்பினாள்.

தலைநகரில் இறங்கும்போது பக்கத்திலிருந்து ஒரு காற்று அடித்தது. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு விமானம் பாதையைவிட்டு வழுக்கி, அரைவட்டம் சுற்றி, வாலால் ஒரு கல்கட்டில் மோதியது. பைலட்டுக்கு ஒரு கால் முறிந்தது. முன்னால் இருந்த எட்டுப் பேரும் கதவைத் திறந்து இறங்கி நடந்தார்கள். கம்பெனி கொடுத்த பட்டியலைப் பார்த்து ரேடியோ இறந்தவர் பெயரை வாசித்தது.

"அந்த பாலாங்கி வர்றான்" என்றார் ஃபெலெட்டி.

நேற்று உடல் வந்த அதே கப்பலில்தான் அந்த வெள்ளைக்காரரும் வந்தார். வாரன் என்று பெயர். விமானக் கம்பெனிக்குக் காப்பீடு கொடுத்திருக்கும் நிறுவனத்தின் ஆள், ஆக்லாந்திலிருந்து. ஐம்பது வயதிருக்கும். யாரோ இரவல் கொடுத்த பாயை இடுப்பில் தலைகீழாகக் கட்டியிருந்தார். தீவுகளில் பத்து வருடம் சுற்றியதில் பாஷை நன்றாகவே வந்தது.

"மன்னிச்சுக்கங்க. அடக்கம் முடியற வரைக்கும் பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றார். "உங்களைக் கும்பிட்டுட்டுப் போகலாம்னு..."

"உக்காருங்க. பாய் தலைகீழா இருக்கு" என்றார் ஃபெலெட்டி.

வாரன் குனிந்து பார்த்து, சிவந்து, உட்கார்ந்துகொண்டார். கலோலைனி ஒரு கிழங்கையும் சுரண்டும் சிப்பியையும் அவர் பக்கம் தள்ளினாள். வாங்கிக்கொண்டார்.

"நீங்க ஏன் சீட்டைக் குடுத்தீங்க?" என்று ஃபெலெட்டியைக் கேட்டார்.

ஃபெலெட்டிக்குக் கேள்வி புரியவில்லை. "கேட்டானே."

"உங்களுக்கும் அங்க வேலை இருந்துச்சே. முழங்கால் டாக்டர்னு சொன்னாங்க."

"இருந்துச்சு. அவன் கேட்டான்."

வாரன் எழுதப் போய், எழுதாமல் பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் கிழங்கு சுரண்டினார்கள். வீட்டுக்குள் பாட்டு உயர்ந்தது. ஆண் குரல்கள் கீழே, பெண் குரல்கள் மேலே.

கலோலைனியால் சும்மா இருக்க முடியவில்லை. எதுவும் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடிந்ததே இல்லை.

"இந்தக் காப்பீடு எப்படி வேலை செய்யுது? காத்து அடிச்சதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? தப்பு யாரு மேலயும் இல்லையே."

வாரனின் முகம் தெளிந்தது. இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்பதில்லை போலிருந்தது. "அதுதான் இதுல விசேஷம். தப்பு யாருதுன்னு நிரூபிக்கவே வேண்டாம். ஒரு அளவு வரைக்கும், விபத்துல பயணி இறந்தா குடும்பத்துக்குக் குடுத்தே ஆகணும். காத்தா, பறவையா, பைலட்டான்னு குடும்பம் கோர்ட்டுல நின்னு சண்டை போடத் தேவையில்ல. விமானத்துல ஏறுறவன் தன் உயிரை முழுசா இன்னொருத்தன் கையில குடுத்துட்டு உக்காருறான் இல்லையா? ஸ்டீரிங்கும் அவன் கையில இல்ல, நிறுத்தச் சொல்லி இறங்கவும் முடியாது. அதுக்கான ஏற்பாடு இது. ஒரே ஒரு விஷயம்தான் வேணும். அவரு பயணியா இருந்திருக்கணும்."

"பயணின்னா?"

"டிக்கெட்டுல பேரு இருக்கிற ஆளு."

"பேரு இல்லேன்னா?"

"கம்பெனி தெரிஞ்சே ஏத்திக்கிட்ட ஆளு. கம்பெனிக்குத் தெரியாம, அடுத்தவங்க பேரைச் சொல்லி ஏறினவருன்னா, எங்க ஆபீசுல பயணின்னு ஒத்துக்க மாட்டாங்க."

கலோலைனியின் கை நின்றது. "கம்பெனின்னா யாரு? தலைநகரத்துல இருக்கிற மேனேஜரா?"

"இல்ல" என்றார் வாரன் மெதுவாக. "அன்னிக்கு அந்த மேஜையில இருந்தவங்க."

கிழங்கைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தார். "நாளைக்குக் கப்பல். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரே கேள்வி கேக்கணும். இப்ப கேக்கல. அடக்கம் முடியட்டும்."

அந்தக் கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். மேனேஜரும் நேற்று சாயங்காலம் போனில் அதைத்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அவள் வேலைக்காகத்தான் சொன்னார். 'கூட்டமா இருந்துச்சு, முகத்தைக் கவனிக்கலைன்னு சொல்லிடு கலோ. தெரியாம நடந்தா எச்சரிக்கையோட போயிடும். தெரிஞ்சு பண்ணேன்னு சொன்னா என்னால உன்னை வச்சிருக்க முடியாது. பைலட் கையில இருந்த எடைத்தாள் ஒண்ணும் மிஞ்சலை, தீயணைப்புத் தண்ணியில நனைஞ்சு போச்சு.'

எடைத்தாள் இரண்டு பிரதி. வெள்ளைத் தாள் பைலட்டுக்கு. ரோஜா நிறம் நிலையத்துக்கு. மேனேஜர் அதை மறந்துவிட்டார். அல்லது, மறந்ததாகச் சொன்னார்.

கவனிக்கவில்லை என்று சொன்னால் வேலை நிற்கும். லொபெட்டி திருட்டுத்தனமாக ஏறியவன் ஆவான். அவன் அம்மா மெலெனைட்டே அத்தைக்கு ஒன்றும் வராது. தெரியும் என்று சொன்னால் அவன் பயணி. அவளுடைய ஒரு வார்த்தைதான் அவனைப் பயணியாக்கும் அல்லது ஆக்காமல் விடும். அடுப்பின் சூடான கற்கள் மேல் இன்னும் மண் மூடவில்லை. தாளைப் போட்டால் நொடியில் எரிந்து போய்விடும்.

"கலோ" என்றார் அப்பா, பன்றியின் வயிற்றை வாழை நாரால் கட்டிக்கொண்டே. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுவே முதல் தடவை. "நான் போயிருந்தா என்னை எங்க உக்கார வச்சிருப்ப?"

"முன்னாடி. பைலட்டுக்குப் பின்னால."

"முன்னாடி இருந்தவங்க?"

"எல்லாரும் வந்துட்டாங்க அப்பா."

அவர் தலையை ஆட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார்.

பாட்டு நின்ற ஓர் இடைவெளியில் மெலெனைட்டே அத்தை வீட்டின் பின்வாசலில் வந்து நின்றாள். அக்காவைக் கண்டதும் ஃபெலெட்டி எழுந்து, விறகு எடுக்கப் போவதுபோலத் தோட்டத்துக்குள் நடந்தார். வளர்ந்த பிறகு அண்ணன் தம்பியும் அக்கா தங்கையும் ஓரிடத்தில் நின்று பேசிக்கொள்வது அங்கே வழக்கமில்லை. நாற்பது வருடமாக இருவரும் பேசியதெல்லாம் பிள்ளைகள் மூலம்தான்.

அத்தை அடுப்பருகே வந்தாள். கண்கள் வற்றிப்போயிருந்தன. கலோலைனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீதானே எடை போட்ட?"

"ஆமா அத்தை."

"எவ்வளவு இருந்தான்?"

கலோலைனி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "எழுபத்திநாலு."

"அவன் மட்டுமா, கூடையோடயா?"

"கூடையோட. கையில இருக்கிறதையும் சேர்த்துத்தான் போடுவோம்."

"அப்ப அவன் எவ்வளவு?"

"தெரியலை அத்தை. தனியாப் போடலை."

அத்தை அடுப்புக் கற்களைப் பார்த்தாள். "டாக்டரு ஒல்லியா இருக்கான்னு திருப்பி அனுப்பிடுவாரோன்னு ரெண்டு மாசமா ஊட்டினேன்" என்றாள். "ஒட்டுச்சான்னு தெரியல." திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அப்பா விறகில்லாமல் வந்தார். இருவருமாக வாழையிலைகளைப் பரப்பி, பழைய சாக்குகளைப் போட்டு, மண்ணை இழுத்து அடுப்பை மூடினார்கள். புகை ஓரங்களில் கசிந்து அடங்கியது. தாள் இடுப்பிலேயே இருந்தது.

மதியத்துக்குப் பிறகு லொபெட்டியைக் கடற்கரை மணல் கல்லறையில், அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவனைச் சுற்றிய பாய்களில் மேலே இருந்தது ஃபெலெட்டிக்காக வந்த அந்தப் பெரிய பாய். உண்மையிலேயே இரண்டு சுற்று வந்தது.

வாரன் கல்லறை வேலியோரம் காத்திருந்தார். இப்போது பாயை நேராகக் கட்டியிருந்தார்.

"கேளுங்க" என்றாள் கலோலைனி.

"உங்க அப்பா டிக்கெட்டுல ஏறினது வேற ஆளுன்னு, ஏத்தும்போது உங்களுக்குத் தெரியுமா?"

அவள் தாளை எடுத்துப் பிரித்து நீட்டினாள். வியர்வையில் மடிப்புகள் ஈரமாகியிருந்தன. வாரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாக இறங்கினார். ஃபெலெட்டி, எழுபத்துநாலு.

"எங்க அப்பா எவ்வளவு இருப்பாருன்னு நீங்களே பார்த்தீங்க" என்றாள். "முள்ளைப் பார்த்துத்தான் எழுதினேன். முள்ளைப் பார்த்தவ ஆளைப் பார்க்காம இருப்பேனா? கேலிகூடப் பண்ணினான். எங்க அத்தை மகன். தெரிஞ்சேதான் ஏத்தினேன்."

வாரன் தாளின் அடியில் இருந்த கூட்டலைப் பார்த்தார். "இந்த ரெண்டு மூட்டை?"

"அவன் லேசா இருந்ததால ஏத்தினது. கூட்டிப் பாருங்க. அளவுக்குப் பன்னிரண்டு கிலோ கம்மி. அதே இடத்துல எங்க அப்பாவை வச்சு யாராவது கூட்டினா நாப்பத்தஞ்சு கிலோ அதிகம்னு வரும். பைலட் மேல பழி போடுவாங்க. அவரு மேல தப்பில்ல. கனம் சரியா இருந்துச்சு." கல்லறைப் பக்கம் பார்த்தாள். "உக்கார வச்சதும் சரியா இருந்துச்சு."

வாரனின் விரல் கடைசி வரிசைக் கட்டத்துக்குப் போய் அங்கே நின்றது. தாளை மடிக்காமல் பைக்குள் வைத்தார்.

"இது உங்க வேலைக்கு..."

"தெரியும்."

பத்தாம் நாள் ஃபெலெட்டி வீட்டார் எல்லாருக்கும் தலைமயிரை வெட்டினார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள்தான் கத்தரியைப் பிடித்தாள். கலோலைனியின் பின்னல் இடுப்பிலிருந்து காதுக்கு ஏறியது. அடுத்த நாள் விமானம் மறுபடி ஓடத் தொடங்கியது. அதிலேயே அவளுக்குக் கடிதமும் வந்தது: மாதக் கடைசிவரை மேஜை அவளுடையது.

அவள் கேட்டை மூடினாள். சைக்கிள்கள் நின்றன. கூரைக்கடியில் ஏழு பேர் காத்திருந்தார்கள். முதல் ஆள் தராசில் ஏறியதும் அவள் பேனாவோடு நிமிர்ந்தாள்.

"பேரு சொல்லுங்க."

"என்ன கலோ, நேத்து உன் வீட்டுல சாப்பிட்டேனே."

"பேரு."

அவர் சொன்னார். எழுதினாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் கேட்காமலே சொன்னார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல.

கடைசியாக மெலெனைட்டே அத்தை. தலைநகரில் வாரனின் ஆபீஸ் தாள்களில் கையெழுத்துப் போட வேண்டும். கையில் ஓலைக்கூடை. ஃபெலெட்டி வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம், சாலையில், முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"மெலெனைட்டே" என்றாள் அத்தை, கேட்பதற்கு முன்பே. தராசில் ஏறினாள். முள் ஆடி, நிதானித்து, நின்றது.

"எண்பத்தெட்டரை."

கலோலைனி எழுதப் போனாள்.

"இரு." அத்தை குனிந்து கூடையைத் தரையில் வைத்தாள். அது திறந்திருந்தது. உள்ளே வாழையிலையில் சுற்றிய சேம்பிலைப் பொட்டலங்கள், மூன்று மூன்றாக அடுக்கி ஒன்பது. ஒரு பாட்டில் தேங்காய்ப்பால். நடுவில் முழு வள்ளிக்கிழங்கு ஒன்று. "அன்னிக்கு அவனுக்கு வச்ச மாதிரியே வச்சிருக்கேன்" என்றாள். "இப்பப் பாரு."

முள் மறுபடி ஆடியது. இருவரும் அது நிற்கும்வரை காத்திருந்தார்கள்.

"எண்பத்தி மூணு" என்றாள் கலோலைனி.

அத்தையின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன; ஒரு தடவை, பிறகு சரிபார்க்க இன்னொரு தடவை. பின் கூடையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு விமானத்தைப் பார்த்து நடந்தாள்.

அவள் இறங்கிய பிறகும் தராசின் முள் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் ஆடி, பூஜ்யத்துக்கு வந்தது.